துறைமுகத்திலேயே எடுப்பதா, சிஎஃப்எஸ் வழியாகவா?

உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக எளிமையாக்க ஒப்பந்தத்துக்கு இந்தியா 2016-லேயே ஒப்புதல் அளித்துவிட்டது. அந்த எளிமை இறக்குமதியாளர் கைக்கு எட்டுவது டிபிடி என்னும் நேரடி டெலிவரியில்தான். இதுவா, துறைமுகத்துக்கு வெளியே கன்டெய்னரை வைத்து சுங்க வேலை முடித்து எடுக்கும் கிடங்கான சிஎஃப்எஸ்ஸா என்று சிறு நிறுவனங்களுக்குத்தான் குழப்பம்.

செலவு
டிபிடி: கன்டெய்னர் துறைமுகத்திலிருந்து நேராக உங்கள் கிடங்குக்கு. சிஎஃப்எஸ் கட்டணம் மிச்சம்.
சிஎஃப்எஸ்: கொண்டுபோக, இறக்க, ஏற்ற என்று பில் நீளும்.

அவசரம்
டிபிடி: கப்பல் வரும் முன்பே பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்துக்குத் தரும் இறக்குமதி அறிவிப்பு), வரிப்பணம், லாரி எல்லாம் தயாராக வேண்டும். சரக்கை வகைப்படுத்தும் எச்எஸ் குறியீட்டில் ஒரு சந்தேகம் கிளம்பினாலும் கணக்கு குலைந்துவிடும். சமயத்தில் பெட்டி சிஎஃப்எஸ்ஸுக்கே போய்ச் சேரும்.
சிஎஃப்எஸ்: மூச்சுவிட நேரம் உண்டு, வாடகையும் ஏறும்.

சோதனை
சுங்கத்துறையின் ஆபத்து மதிப்பீட்டுக் கணினி சோதனைக்கு உங்கள் பெட்டியைத் தேர்ந்தெடுத்துவிட்டால் டிபிடிக்கும் விலக்கு இல்லை.

மாதாமாதம் ஒரே சரக்கை முழு கன்டெய்னராக இறக்குபவர் யோசிக்காமல் டிபிடிக்குப் போகலாம். பலர் சரக்கு ஒரே பெட்டியில் வரும் எல்சிஎல் என்றால் பிரித்தெடுக்க சிஎஃப்எஸ்தான். வரிக்கான பணம் கடைசி நாளில்தான் புரளும் என்றாலும் சிஎஃப்எஸ்ஸே சரி.