சொந்த ஐபி பிளாக்: சுதந்திரம் சரி, பழைய கெட்ட பெயர்தான் போக மாட்டேன் என்கிறது

சின்ன நெட்வொர்க் நடத்தும் நண்பர் ஒருவர், சொந்தமாக ஏஎஸ் எண்ணும் (இணையத்தில் ஒரு நெட்வொர்க்கைத் தனியாக அடையாளம் காட்டும் எண்) ஒரு /24 பிளாக்கும் (ஐபிவி4 என்ற பழைய வகை ஐபி முகவரிகளின் தொகுதி) எடுக்கலாமா என்று கேட்டார். இரண்டையும் சில வருடங்களாக வைத்திருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இணைப்பு தருபவரின் முகவரிகளில் இருந்தால், அவரை விட்டு விலகும் நாளில் டிஎன்எஸ், ஃபயர்வால், விபிஎன், வாடிக்கையாளர்கள் அனுமதித்து வைத்திருக்கும் பட்டியல்கள் என்று எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டும். பிளாக் நம் பெயரில் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. நான் அப்ஸ்ட்ரீமை, அதாவது இணைப்பு தருபவரை, மாற்றியபோது புதியவரோடு பிஜிபி செஷன் (எந்த முகவரிக்கு எது வழி என்று நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் இணைப்பு) ஏற்படுத்தி, முகவரிகளை அவர் வழியாக அறிவித்து, அப்புறம் பழைய இணைப்பை இறக்கினேன். உள்ளே இருந்த யாருக்கும் தெரியவே இல்லை. அந்த நிம்மதிக்கு ஈடு கிடையாது.

ஆனால் ஐபிவி4 இன்று பெரும்பாலும் கைமாறித்தான் வருகிறது. உலக அளவில் முகவரிகளைப் பிரித்துக் கொடுக்கும் ஐயானாவின் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. ஐரோப்பா, மேற்கு ஆசியா, மத்திய ஆசியாப் பகுதிகளுக்கு முகவரி ஒதுக்கும் பதிவகமான ரைப் என்சிசி 2019 நவம்பரில் கடைசி முகவரிகளைக் கொடுத்து முடித்தது. அங்கே இப்போது யாராவது திருப்பிக் கொடுத்தால்தான் வரிசையில் நிற்பவருக்கு ஒரு /24. அதாவது 256 முகவரிகள். அதைவிடச் சிறியதை அறிவித்தால் பெரும்பாலான நெட்வொர்க்குகள் வடிகட்டிவிடும்.

என்னுடையதும் கைமாறி வந்ததுதான். பதிவகத்தில் பெயர் மாறியதில் ஒரு குறையும் இல்லை. ரோவா (இந்த முகவரிகளை இந்த ஏஎஸ் அறிவிக்கலாம் என்ற டிஜிட்டல் சான்று) போட்டேன், சீக்கிரமே ரூட் செல்லுபடியாகிவிட்டது. ஆனால் முன்பு வைத்திருந்தவர் அங்கிருந்து ஸ்பேம் அனுப்பியிருக்கிறார். மின்னஞ்சல் தடைப் பட்டியல்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுத வேண்டியிருந்தது. சிலர் அன்றே நீக்கினார்கள், சிலரிடமிருந்து இன்றுவரை பதிலே இல்லை. இருப்பிடத் தரவுத்தளங்கள் இன்னும் மோசம். ஆர்எஃப்சி 8805 என்ற இணைய ஆவணம் சொல்லும் முறைப்படி ஜியோஃபீட் கோப்பு (எந்த முகவரி எந்த இடத்தில் இருக்கிறது என்ற பட்டியல்) வெளியிட்டு, பதிவக விவரத்திலும் இணைத்துவிட்டேன். ஆனாலும் சில தளங்களுக்கு நாங்கள் வேறு நாட்டில்தான் இருக்கிறோம். உள்நுழையும்போதெல்லாம் கேப்சா, சரிபார்ப்புக் குறியீடு.

தடைப் பட்டியல் நடத்துபவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. என் மெயில் சர்வரே அந்தத் தடைப் பட்டியல்களை நம்பித்தான் ஓடுகிறது. ஸ்பேமர்கள் பெயரை மாற்றி மாற்றி பிளாக் வாங்குவார்கள் என்பதும் தெரியும். ஆனால் எந்த பிளாக் எந்தத் தேதியில் கைமாறியது என்பதைப் பதிவகங்கள் பொதுவிலேயே வெளியிடுகின்றன. அந்தத் தேதிக்குப் பிறகு ஒரு புகார்கூட இல்லாத பிளாக்கை ஏன் இன்னும் தண்டிக்க வேண்டும்? யாரிடம் முறையிடுவது? இது தன் வேலை இல்லை என்று பதிவகம் சொல்கிறது, அது உண்மையும்கூட.

இதே நெட்வொர்க்கில் புதிய வகை முகவரியான ஐபிவி6-இல் /48 பிளாக் ஒன்றும் இருக்கிறது. யாரும் தொடாமல் புதிதாக வந்தது. அதில் ஒரு நாள்கூட இப்படி அலைந்ததில்லை.

ஆகவே நண்பருக்கு என் பதில்: ஏஎஸ் எண்ணும் ஐபிவி6-ம் இப்போதே எடுங்கள். ஐபிவி4 வேண்டாம். மேலே அவ்வளவு புகழ்ந்துவிட்டுத்தான் சொல்கிறேன், இன்றைய மனநிலையில் இன்னொரு /24 நான் வாங்க மாட்டேன். வாங்கியே தீர வேண்டுமென்றால், பணம் கொடுக்கும் முன் ரைப் என்சிசியின் ரைப்ஸ்டாட் தளத்தில் அந்த பிளாக்கை முன்பு எந்தெந்த ஏஎஸ் அறிவித்தது என்று பாருங்கள். தடைப் பட்டியல்களில் 256 முகவரிகளையும் தேடுங்கள். பட்டியலில் இருப்பவற்றை நீக்கித் தருவது விற்பவர் பொறுப்பு என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.