ஹை-ஃபை ரஷ்: ரெண்டு வருஷமா ஆடிட்டு எழுதறேன்

ரிதம் கேம்னாலே எனக்கு ஒரு பயம் இருந்துச்சு. மேல இருந்து கலர் கலரா பட்டன் இறங்கும், நாலு தடவை விட்டா பாட்டே நின்னுடும், அந்த மாதிரி கேம் ஆடி ஆடி நமக்கு தாளமே வராது போலன்னு ஒதுங்கிட்டேன். ஹை-ஃபை ரஷ் அந்த பயத்தையே எடுத்துடுச்சு, அதான் ரெண்டு வருஷமா பிசில இருந்து அழிக்காம வச்சிருக்கேன்.

2023 ஜனவரில, அறிவிச்ச அன்னைக்கே ரிலீஸும் பண்ணாங்க. எடுத்தது டோக்கியோல இருக்கற டாங்கோ கேம்வொர்க்ஸ், அதுவரைக்கும் ஹாரர் கேமுக்கு பேர் போனவங்க. கதை ரொம்ப நேரடியானது. சாய்னு ஒரு பையன், முடியாத ஒரு கைக்கு பதிலா ரோபோ கை வச்சுக்க ஒரு பெரிய கம்பெனிக்கு போறான், அங்க தவறிப்போய் அவனோட மியூசிக் பிளேயர் நெஞ்சுக்குள்ளயே பதிஞ்சுடுது. அதுக்கப்புறம் அவனைச் சுத்தி இருக்கற எல்லாமே பீட்டுக்கு அசையுது.

எல்லாமேன்னா நிஜமாவே எல்லாமேதான். முதல் ஸ்டேஜ்ல கன்ட்ரோலரை மடில வச்சுட்டு சும்மா பார்த்துட்டே இருந்தேன். சாய் நின்ன இடத்துலயே சொடுக்கு போடறான், பக்கத்துல 808ங்கற பூனை ரோபோ துடிக்குது, பின்னாடி மெஷினெல்லாம் அதே கணக்குல ஏறி இறங்குது. நடக்க வச்சா காலடி கூட பீட்டுல தான் விழுது. காமிக்ஸ் புக்ல இருந்து எழுந்து வந்த மாதிரி கலர் வேற. 2024ல அனிமேஷனுக்கு பாஃப்டாங்கற பிரிட்டிஷ் விருது கொடுத்தாங்க, கொடுக்காம இருந்திருந்தாதான் ஆச்சரியம்.

சண்டைல ஒரு விஷயம் பண்ணிருக்காங்க பாருங்க, எனக்கு அதுதான் உயிர். நீங்க எப்ப பட்டனை தட்டினாலும் சாயோட அடி பீட்டுல தான் போய் விழும், நீங்க தட்டினதும் பீட்டுல இருந்துச்சுன்னா டேமேஜ் கூடும், அவ்ளோதான், தப்பா தட்டினேன்னு பாட்டு நிக்காது. லைட் அடிக்கு ஒரு பீட், ஹெவிக்கு ரெண்டு. முதல் ஒரு மாசம் ஸ்க்ரீனைப் பார்த்துப் பார்த்து கணக்கு போட்டுட்டு இருந்தேன், ரெண்டாவது தடவை முழுசா ஆடும்போது ஒரு நாள் கீழ பார்த்தா என் கால் தானா தட்டிட்டு இருக்கு, அன்னைக்குத்தான் இது உடம்புல ஏறிடுச்சுன்னு புரிஞ்சுது.

அப்புறம் பாரி, அதாவது எதிரியோட அடிய சரியான நேரத்துல தட்டித் தடுக்கறது. சில எதிரிங்க முதல்ல ஒரு வரிசையா தட்டிக் காட்டுவாங்க, நாம அதே வரிசைய திருப்பித் தட்டணும். தனி ஆவர்த்தனத்துல மிருதங்கம் வாசிச்சதை கஞ்சிரா வாங்கி திருப்பிக் கொடுக்குமே, அதே சுகம். ஒண்ணு கூட விடாம தடுத்து முடிச்சா உடம்பு சிலிர்க்குது.

குறை இல்லாம இல்ல. தாவித் தாவி போற இடங்கள்ல எனக்கு வேகம் செத்துடுது, சண்டை எப்ப வரும்னு இருக்கும். ஆனா நான் நிஜமா திணறினது கேமால இல்ல, என் ப்ளூடூத் இயர்போனால. சத்தம் லேட்டா வந்துச்சு, மூணு வாரம் என் மேலதான் தப்புன்னு நினைச்சு மனசு விட்டுட்டேன். வயர் இயர்போன் மாட்டின அன்னைக்கே எல்லாம் சரியாச்சு. டிவில ஆடறவங்க கேம் மோட் போட்டுடுங்க, செட்டிங்ஸ்ல சத்தமும் படமும் ஒத்துப்போக வைக்கற கேலிபரேஷன் இருக்கு, அதை முடிச்சுட்டே உள்ள போங்க.

2024 மே மாசம் டாங்கோ ஸ்டூடியோவையே மூடறாங்கன்னு நியூஸ் வந்த ராத்திரி தூக்கம் வரல, எழுந்து முதல் ஸ்டேஜ்ல இருந்து திரும்ப ஆரம்பிச்சேன். ஆகஸ்ட்ல கிராஃப்டான்ங்கற கொரியா கேம் கம்பெனி எடுத்துக்கிட்டாங்கன்னு கேட்டப்பதான் மூச்சு வந்துச்சு. இப்ப பிபிஎம் ரஷ் மோட்ல இருக்கேன், அதுல போகப் போக பாட்டோட வேகம் ஏறிட்டே போகும். நேத்து முன்னைவிட ஒரு ரவுண்டு கூட தாண்டினேன், இன்னைக்கு சாப்பிட்டுட்டு மறுபடி உக்காரணும்.