ஃபெரியா சுரங்கமா என்று கேட்கப்போய் 438 பவுண்ஸ் போன கதை

நேற்று இரவுதான் பிரான்சிலிருந்து திரும்பினோம். வாடகைக்கு எடுத்த மோட்டார்ஹோம், அதாவது படுக்கையும் சமையலும் உள்ளேயே உள்ள பெரிய வாகனம், இன்னும் வாசலில் நிற்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் கார் விடும் இடத்தில் அரைவாசியை அது பிடித்துவிட்டது, மனுசன் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டார். நித்திரை வரவில்லை. 438 பவுண்ஸ் மீன்முள் மாதிரித் தொண்டையில் நிற்கிறது.

முதல் தடவை இப்படி ஒரு வாகனத்தோடு கடல் தாண்டுகிறவர்கள் ஃபெரிக் கப்பலில் போவதா, இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையிலான கடலடிச் சுரங்கத்தில் போவதா என்று நான் தேடியபோது தமிழில் ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் அதையும் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைக் கொட்டிவிடுகிறேன்.

கடையின் பெயர் போடவில்லை. லண்டனில் எங்கள் சனம் கூடுதலாக இருக்கும் தெரு ஒன்றில், விமான டிக்கெட், ஊருக்குக் காசு அனுப்புவது, பெட்டி அனுப்புவது எல்லாம் ஒரே மேசையில் நடக்கும் கடை. அப்படி எத்தனையோ கடைகள் இருக்கின்றன. பெரும்பாலானவை ஒழுங்கானவை, அதுதான் பிரச்சினையே.

பாரிஸில் மச்சாள் குடும்பம் இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. மோட்டார்ஹோமில் போவோம் என்று ஆசைப்பட்டது நான். சுரங்கம் என்று ஒற்றைக்காலில் நின்றது மனுசி. சின்ன வயதில் ஊரில் குறிகட்டுவானில் படகு ஏறி நெடுந்தீவில் இறங்குமட்டும் வாந்தி எடுத்தவள், அலை என்ற சொல்லே ஆகாது. சுரங்கம் என்றால் இந்தக் கரையில் ஃபோக்ஸ்டனில் ரயிலுக்குள் வாகனத்தை ஏற்றிவிட்டு அதற்குள்ளேயே இருக்கலாம், 35 நிமிடத்தில் பிரான்சின் கலே பக்கம். எனக்குத்தான் பயம். 50 கிலோமீட்டர் சுரங்கம், அதில் 38 கடலுக்கு அடியில், எங்கள் வாகனத்திலோ சமையலுக்கு இரண்டு காஸ் சிலிண்டர். உள்ளே விடுவார்களா? டோவரிலிருந்து கலேக்கு ஃபெரி ஒன்றரை மணித்தியாலம். காற்றோட்டமாகப் போகலாம், பிள்ளைகளும் டோவரின் வெள்ளைச் சுண்ணாம்பு மலை பார்ப்பார்கள். இப்படி இரண்டு கிழமை வீட்டில் வாக்குவாதம்.

அம்மாவுக்குக் காசு அனுப்பப் போன இடத்தில் வாய் சும்மா இருக்காமல் இதைச் சொன்னேன். கடைக்காரர் தலையை நிமிர்த்தினார். “எவடம் அண்ணை நீங்கள்?” சொன்னேன். “அட, எங்கட அம்மாவும் தீவுப்பக்கம்தான்.” உள்ளேயிருந்து பிளேன்டீ வந்தது. அந்த பிளேன்டீயில் விழுந்தவன்தான் நான்.

“ஃபெரி வேண்டாம் அண்ணை, அக்கா பாவம். சுரங்கத்துக்கு எங்களிட்ட விசேஷ விலை இருக்கு. காஸ் எல்லாம் பிரச்சினையில்லை. யோசியாதேங்கோ, நான் செய்து தாறன்.” போக வர 438 பவுண்ஸ். வாகனத்துக்குப் பக்கத்தில் நான் நிற்கும் படம் ஒன்றை வாட்ஸப்பில் அனுப்பினேன். என் தலைக்கு மேல் இன்னொரு ஆள் நிற்கலாம், அவ்வளவு உயரம். அதற்குக் கட்டைவிரல் தூக்கிக் காட்டினார். கார்டில் கட்டினால் கமிஷன் என்றார். வங்கியிலிருந்து நேரே போட்டுவிட்டேன். 438. ஒரு வினாடி வேலை.

வாகனத்தின் நீளம் என்ன, உயரம் என்ன, சிலிண்டர் எத்தனை கிலோ, எத்தனை நாள் கழித்துத் திரும்புகிறீர்கள், ஒன்றும் கேட்கவில்லை. எல்லாம் தெரிந்த மனுசன் என்று அதையும் நான் கெட்டித்தனமாக எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை ஃபோக்ஸ்டன். நம்பர் பிளேட்டைப் படிக்கும் திரையில் எங்கள் பெயர் வரவேண்டிய இடத்தில் உதவிக்கு அழைக்கச் சொல்லி வந்தது. ஒரு பெண் வந்தார். வாகனத்தை அண்ணாந்து பார்த்தார், கையிலிருந்த கருவியைப் பார்த்தார், மறுபடியும் அண்ணாந்து பார்த்தார். பதிவு செய்திருப்பது காராம். அதாவது 1.85 மீட்டருக்குள் உயரமுள்ள, இரண்டு தட்டுப் பெட்டியில் ஏறும் கார். எங்களுடையது மூன்று மீட்டருக்கு மேல், ஒற்றைத் தட்டுப் பெட்டியில்தான் ஏற்றலாம். அதோடு டிக்கெட்டும் ஐந்து நாளைக்குள் திரும்பிவிட வேண்டிய மலிவு டிக்கெட். நாங்கள் போவது ஒன்பது நாள். பதிவு என் பெயரில் இல்லாததால் அவரால் அதைத் தொட முடியாது, எடுத்தவர்தான் மாற்ற வேண்டும். அந்தப் பெண்ணில் ஒரு குறையும் சொல்லமாட்டேன், பின்னால் வரிசை நிற்க நிற்க இரண்டு தரம் விளக்கினார்.

இப்போதுதானே விளங்குகிறது. கார் விலைக்கு எடுத்துவிட்டு மோட்டார்ஹோம் விலையை என்னிடம் கறந்திருக்கிறார்.

கடைக்கு போன் அடித்தேன். “சிஸ்டத்தில ஏதோ பிழை அண்ணை, ஒரு பத்து நிமிசம் தாங்கோ.” பத்து நிமிடம் அரை மணி ஆனது. அதன்பின் போன் ரிங் போனது, எடுக்கவில்லை. பிறகு ரிங்கும் போகவில்லை. உயரமான வாகனத்துக்கு அன்றைக்குப் புதிதாக இடம் இரவில்தான் என்றார்கள். பின்னால் இரண்டு பிள்ளைகள். மனுசி ஒரு சொல் பேசவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

டோவருக்குத் திருப்பினேன், இருபது நிமிட ஓட்டம். போகும் வழியில் சம்ஃபயர் ஹோ என்று ஒரு பலகை. சுரங்கம் தோண்டியபோது வந்த சுண்ணாம்பு மண்ணைக் கடலோரம் கொட்டி உண்டாக்கிய இடம் அது. சுரங்கத்துக்குள் போகக் கொடுத்துவைக்கவில்லை, தோண்டிய மண்ணின் பக்கத்தாலாவது போனோம்.

ஃபெரி டிக்கெட் கவுண்டரில் இருந்த பெடியனுக்கு இருபது வயதுகூட இருக்காது. ஊர் கேட்கவில்லை, தேத்தண்ணி தரவில்லை. நீளம் எவ்வளவு, சைக்கிள் மாட்டும் கம்பியோடு சேர்த்தா, உயரம், காஸ் மூடியிருக்கிறதா, எத்தனை பேர், எப்போது திரும்புவது என்று வரிசையாகக் கேட்டான். கம்பியோடு 7.4 மீட்டர். அன்றைய விலை போக வர 466. கட்டினேன். 438 அங்கே, 466 இங்கே.

வரிசையில் நின்றபடியே, மனுசி ஆசையாகச் செய்து கொண்டுவந்த ஆட்டிறைச்சிப் பிரட்டலைக் காலை பத்தரைக்குப் பாணோடு சாப்பிட்டு முடித்தோம். 2021க்குப் பிறகு இங்கிருந்து இறைச்சியும் பால் சாமானும் அங்கே கொண்டுபோகக் கூடாது, அதையும் வரிசையில் நின்ற வெள்ளைக்காரர் ஒருவர்தான் சொன்னார். கப்பலில் வாகனத்துக்குள் இருக்கவும் விடமாட்டார்கள், மேலே ஏற வேண்டும். மனுசி ஒன்றரை மணித்தியாலமும் கடதாசிப் பையோடு கழிவறை வாசலில் குந்தியிருந்தாள். பயணம் நல்லதுதான், பாரிஸில் தமிழ்க் கடைகள் உள்ள லாச்சப்பலில் பிள்ளைகள் கொத்துரொட்டி தின்ன தின்ன, நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாட்ஸப்பில் அவருக்கு எழுதினால் நீலச் சரி இரண்டு விழும். பதில் வராது.

இன்று காலை கடைக்குப் போனேன். மேசையில் வேறொரு பிள்ளை. “அவர் நல்லூர்த் திருவிழாவுக்குப் போயிட்டார் அங்கிள்.” திருவிழா 25 நாள். வந்தபிறகு வரச் சொன்னாள். நான் அசையவில்லை. அங்கிருந்தே அவருக்கு எடுத்துக் கொடுத்தாள். மூன்றாவது ரிங்கில் எடுத்தார், ஊரிலிருந்து! அவளுடைய நம்பர் என்றதால். “அண்ணை, உயரம் எண்டு நீங்கள் சொல்லேல்லையே.” படம் அனுப்பினேனே என்றேன். “படத்தில உயரம் எப்பிடித் தெரியும்?” கட்டைவிரல் போட்டீர்களே என்றேன். “அது படம் வடிவா இருக்கெண்டு போட்டது.” பிறகு குரலை இறக்கி, “சரி விடுங்கோ, அடுத்தமுறை ஊருக்கு டிக்கெட் எடுக்கேக்க ஒரு அம்பது கழிச்சுத் தாறன்.” என்னுடைய 438க்கு அம்பது. அதுவும் அவரிடமே திரும்ப டிக்கெட் எடுத்தால்.

வங்கிக்கும் அடித்தேன். 2024 அக்டோபரிலிருந்து ஏமாற்றி அனுப்ப வைத்த காசை வங்கிகள் திருப்பிக் கொடுக்கும் விதி இருக்கிறதே என்றேன். கடை உண்மையான கடை, டிக்கெட் என்று ஏதோ எடுத்தும் தந்திருக்கிறார்கள், ஆகவே இது மோசடி அல்ல, உங்களுக்கும் கடைக்கும் உள்ள பிணக்கு என்றார்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவைப் பிடித்து, 100 பவுண்ஸுக்கு மேற்பட்டது என்று கார்டுக்காரரைக் கேட்டுப் பார்த்திருக்கலாம். கமிஷனை மிச்சம் பிடித்தேனாம் நான்.

சரி, விவரமாக எழுதுகிறேன் என்றேன். மணி ஒன்றாகிறது, சுருக்கமாகவே முடியும். டிக்கெட்டை நேரே கம்பனியில் உங்கள் பெயரில் எடுங்கள், கார்டில் கட்டுங்கள். வாகனத்தை டேப் பிடித்து அளந்து பாருங்கள், சைக்கிள் கம்பியும் சேர்த்து. சமையல் காஸ் சுரங்கத்துக்குள் போகலாம், ஒரு சிலிண்டர் 47 கிலோவுக்குள், ஒன்றுக்கு மேல் என்றால் மொத்தம் 50 கிலோவுக்குள், மூடியிருக்க வேண்டும். எஞ்சினே எல்பிஜி என்ற காஸில் ஓடினால் சுரங்கத்தில் இடமில்லை. வாடகை வாகனம் என்றால் அதை வெளிநாடு கொண்டுபோக அனுமதி காட்டும் விஇ103 என்ற கடதாசியைக் கேட்டு வாங்குங்கள். வாந்திக்காரர் இருந்தால் சுரங்கம். “எவடம் நீங்கள்?” என்று கேட்டுவிட்டு உயரம் கேட்காத ஆளிடம் எடுக்காதீர்கள்.

சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை நிலையத்துக்கு அடிக்கப் போகிறேன். படம், கட்டைவிரல், வங்கி ரசீது மூன்றையும் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன். வேறு யாருக்காவது இதே மாதிரி நடந்திருந்தால் எழுதுங்கள். பதில் போடப் பிந்தும். நாளைக் காலை பத்துக்கு முதல் வாகனத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், இன்னும் கழிவறைத் தொட்டி கழுவவில்லை.