டென்பை: ஒரே கோட்டில் நிற்கும் அணுக்களின் மாறுநிலையைப் பார்க்க ஒரு நல்ல கருவி

மூன்று மாதமாக என் மாலைப் பொழுதெல்லாம் டென்பை என்ற பைத்தான் நூலகத்தோடுதான் போகிறது. யோஹானஸ் ஹவுஷில்ட், ஃபிராங்க் போல்மான் இருவரும் வெளியிட்ட திறந்தமூல மென்பொருள் இது, வரிசையாக நிற்கும் குவாண்டம் துகள்களின் நிலையைக் கணக்கிடுகிறது. காசு கிடையாது, ஒரே வரிக் கட்டளையில் நிறுவிக்கொள்ளலாம், ஆனால் 'ஃபிசிக்ஸ்-டென்பை' (physics-tenpy) என்ற பெயரில் தேடினால்தான் கிடைக்கும்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். மீக்குளிர் அணுக்களை ஒற்றைப் பரிமாணத்தில் அடைத்து லேசர் ஒளியால் ஆன கட்டத்தில் வைத்தால், உராய்வில்லாத மீபாய்மமாக ஓடுவது ஒரு நிலைக்கு மேல் மாட் இன்சுலேட்டராகி, அதாவது அணுக்கள் தத்தம் இடத்தில் பூட்டிக்கொண்டு, நின்றுவிடும். 2010-இல் இன்ஸ்ப்ருக்கில் சீசியம் அணுக்களை வைத்து இதைக் காட்டினார்கள்: அணுக்கள் ஒன்றையொன்று போதுமான வலுவோடு தள்ளினால், ஒளிக்கட்டத்தின் ஒரு குழிக்கு ஓர் அணு என்ற அடர்த்தியில், எவ்வளவு மெல்லிய ஒளிக்கட்டமும் அவற்றைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. அந்த மாற்றம் நடக்கும் இடத்தை என் மடிக்கணினியிலேயே பார்க்க ஆசைப்பட்டேன்.

குழிக்குக் குழி குதித்து, ஒரே குழியில் சேர்ந்தால் மோதிக்கொள்ளும் அணுக்களை விவரிக்கும் போஸ்-ஹப்பார்ட் மாதிரி உள்ளேயே தயாராக இருப்பதால், குதிக்கும் வலிமை, மோதும் வலிமை இரண்டையும் கொடுத்து உடனே ஓட்டலாம். இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். தொடக்க நிலையில் எத்தனை அணு வைக்கிறீர்களோ அதுதான் கடைசிவரை அடர்த்தி. அப்புறம் ஒரு குழியில் அதிகபட்சம் 3 அணு என்பது இயல்பு அமைப்பு, அதை 4 அல்லது 5 ஆக்கிப் பார்த்து விடை நகர்கிறதா என்று சோதியுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது பின்னல் என்ட்ரோபியை (சங்கிலியின் இரு பாதிகளும் குவாண்டம் முறையில் எவ்வளவு பின்னிக்கிடக்கின்றன என்ற அளவு) நேராகக் கேட்டு வாங்க முடிவது. முடிவிலா சங்கிலியில் பாண்ட் டைமென்ஷனை (கணக்கின் துல்லியத்தைத் தீர்மானிக்கும் எண்) கூட்டக் கூட்டத் தொடர்பு நீளமும் (ஓர் இடத்தின் பாதிப்பு எட்டும் தூரம்) வளர்கிறது, அதன் மடக்கைக்கு எதிரே என்ட்ரோபியை வரைந்தால் நேர்கோடு வருகிறது, சாய்வை 6-ஆல் பெருக்கினால் மாறுநிலையின் வகையைக் காட்டும், மைய மின்னூட்டம் என்று சொல்லும் எண் 1-க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. முதல் தடவை அதைப் பார்த்ததும் மாறுநிலைப் புள்ளியை, அதாவது மாற்றம் நடக்கும் இடத்தை, பிடித்துவிட்டேன் என்றே நம்பினேன். இல்லை. ஒற்றைப் பரிமாணத்தில் மீபாய்மப் பக்கம் முழுவதுமே மாறுநிலைதான் (தொடர்புகள் எந்தத் தூரத்திலும் அறுந்துபோகாமல் மெல்லத் தேயும் நிலை), அங்கே எங்கே தொட்டாலும் அதே 1 வரும். மாற்றத்தைக் கண்டுபிடிக்க தொடர்பு எவ்வளவு வேகமாகத் தேய்கிறது என்பதைக் காட்டும் லட்டிங்கர் அளவுரு 2-க்கு இறங்கும் இடத்தைத் தேட வேண்டும், அதாவது ஓர் அணு இரு குழிகளுக்கு இடையே கொள்ளும் தொடர்பு, தூரத்தின் கால் (1/4) அடுக்கில் தேயும் இடம். மோதலுக்கும் குதித்தலுக்கும் உள்ள விகிதம் 3.3-ஐ ஒட்டி அது அமைகிறது. மாட் பக்கம் ஆற்றல் இடைவெளி அடுக்குக்குறி வேகத்தில் மிக மெதுவாகத் திறப்பதால் இடைவெளியைப் பார்த்துப் புள்ளியைச் சொல்ல முயலாதீர்கள், அது கண்ணுக்குத் தெரியத் தொடங்கும்போது நீங்கள் புள்ளியைத் தாண்டி வெகுதூரம் வந்திருப்பீர்கள். இது மென்பொருளின் குறை இல்லை, கோஸ்டர்லிட்ஸ்-தௌலஸ் வகை மாற்றத்தின் இயல்பே அப்படி.

கட்டம் இல்லாத தொடர் வாயுவுக்கு மட்டும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். டென்பைக்கு எல்லாமே குழிகளின் வரிசைதான், தொடர் வாயுவைக் காட்ட அணுக்களை மிக அரிதாகத் தூவி நீளமான சங்கிலியை ஓட்ட வேண்டியிருக்கும். 2017-இல் சீன ஆய்வாளர்கள் ருபீடியம் வாயுவின் அடர்த்தியை அளந்து, வெற்றிடத்திலிருந்து லட்டிங்கர் திரவம் (ஒற்றைப் பரிமாணத்தில் துகள்கள் கூட்டாக அசையும் நிலை) பிறக்கும் இடத்தின் மாறுநிலையைச் சோதித்தார்கள். கோட்பாட்டின்படி அங்கே இயக்க அடுக்கு (நேர அளவு நீளத்தோடு எப்படி வளர்கிறது என்பது) 2, தொடர்பு நீள அடுக்கு (புள்ளியை நெருங்கும்போது அந்த நீளம் எப்படி வளர்கிறது என்பது) அரை. அந்தச் சோதனையைத் தொடர விரும்பினால் தொட்டால் மட்டும் தள்ளிக்கொள்ளும் அணுக்களாலான தொடர் வாயுவை விவரிக்கும் லீப்-லினிகர் மாதிரிக்கு சி. என். யாங், சி. பி. யாங் இருவரும் 1969-இல் எழுதிய சமன்பாடு போதும். வெப்பநிலையும் அதிலேயே சேர்ந்து வருகிறது, சாதாரண பைத்தான் நிரலில் சுழற்சி முறையில் தீர்த்துவிடலாம், விடையும் துல்லியமானது.

ஒளிக்கட்டம் உள்ள கணக்கு என்றால் தயங்காமல் டென்பையை எடுங்கள். ஆவணங்களில் உள்ள எடுத்துக்காட்டு நிரல்களை முதலில் அப்படியே ஓட்டிப் பாருங்கள், பாண்ட் டைமென்ஷனை 50-இல் தொடங்கி இரட்டிப்பாக்கிக்கொண்டே போங்கள், ஒவ்வொரு ஓட்டத்தின் தொடர்பு நீளத்தையும் மறக்காமல் சேமித்து வையுங்கள்.