கட்டுரைக்கு மதிப்பெண்: கூறுவாரிப் பங்கீடா, ஒப்பிட்டுத் தேர்தலா?

ஒன்பதாம் வகுப்பு மாணவர்களின் தமிழ்க் கட்டுரைகளுக்குக் கூறுவாரியாகப் பிரித்து மதிப்பெண் இட்டுவந்த எங்கள் பள்ளித் தமிழாசிரியர்கள் நால்வரும், இரண்டிரண்டு கட்டுரைகளை அருகருகே வைத்து ஒப்பிட்டுத் தரம் காணும் முறைக்கு இப்போது மாறியிருக்கிறோம். இரண்டையும் கையாண்ட பிறகு என் சாய்வு ஒப்பீட்டின் பக்கமே இருக்கிறது. நேர மிச்சமோ துல்லியமோ அதற்குக் காரணம் அல்ல. அவ்விரண்டிலும் பெரிய வேறுபாட்டை நான் காணவில்லை. மதிப்பெண் இடும் முறை மாணவர் எழுதும் எழுத்தையே எப்படி மாற்றிவிடுகிறது என்பதுதான் எனக்கு முடிவான காரணமாக அமைந்தது.

இவ்விரண்டுக்கும் முன்னோடியாக ஒரு வழி உண்டு: கட்டுரையை ஒருமுறை முழுதாகப் படித்து, மனத்தில் பட்ட மதிப்பெண்ணை இடுவது. அரையாண்டுத் தேர்வின்போது கட்டுக் கட்டாக விடைத்தாள் குவிகையில் பலரும் செய்வது இதைத்தான். 1961இல் அமெரிக்காவின் கல்வித் தேர்வுச் சேவை நிறுவனத்தில் பால் டீடரிக்கும் உடன் பணியாற்றியோரும் நடத்திய ஆய்வில், 300 மாணவர் கட்டுரைகளை 53 பேர் படித்து, ஒவ்வொன்றுக்கும் ஒன்பது தரங்களுள் ஒன்றை இட்டார்கள். ஐந்துக்கும் குறைவான வெவ்வேறு தரங்களைப் பெற்ற கட்டுரை அவற்றுள் ஒன்றுகூட இல்லை. படித்தவர்களில் ஆசிரியர்களோடு வழக்கறிஞர்களும் வணிகத் துறையினரும் இருந்தார்கள் என்பதைக் கருத்தில் கொண்டாலும், இந்த வழியை விலக்க அந்தச் சிதறலே போதும்.

அதே ஆய்வுதான், படித்தவர்கள் எதை எதைப் பார்த்து வேறுபட்டார்கள் என்று ஆராய்ந்து, கருத்து, அமைப்பு, நடை, சொல்லாட்சி, பிழையின்மை என ஐந்து கூறுகளைப் பிரித்துக் காட்டியது. கூறுவாரிப் பங்கீட்டின் வலிமை இங்கிருந்தே தொடங்குகிறது. எங்கள் பள்ளியில் 8 மதிப்பெண் கட்டுரைக்குக் குறிப்புச்சட்டம் 1, முன்னுரை 1, உட்தலைப்புகளுடன் கூடிய பொருள் 3, மேற்கோள் 1, முடிவுரை 1, பிழையின்மை 1 எனப் பங்கிட்டிருந்தோம். புதிதாகச் சேர்ந்த ஆசிரியரும் முதல் நாளிலிருந்தே இதைப் பின்பற்ற முடிந்தது. “எனக்கு ஏன் ஐந்துதான், ஐயா?” என்று கேட்கும் மாணவனிடம் தாளைத் திருப்பிக் காட்டிச் சொல்லவும் முடிந்தது. இருவர் திருத்தினால் ஒரு மதிப்பெண்ணுக்கு மேல் வேறுபாடு வருவது அரிது. இவையெல்லாம் மெய்யான நன்மைகளே.

ஆனால் நீர் மேலாண்மை பற்றிய இரண்டு கட்டுரைகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் குறிப்புச்சட்டம் கட்டம் கட்டி வரையப்பட்டிருந்தது. முன்னுரையில் ஒரு குறள்; பின்பு நீரின் இன்றியமையாமை, நீர் மாசுபாடு, மாணவர் கடமை என்று அடிக்கோடிட்ட உட்தலைப்புகள்; முடிவுரையில் “நீரைக் காப்போம், நிலத்தைக் காப்போம்” என்ற முழக்கம். அதில் ஒரு வாக்கியம்கூட அந்த மாணவி எழுதியதாக எனக்குத் தோன்றவில்லை. துணைநூலிலிருந்து மனப்பாடம் செய்தவை. மற்றொரு மாணவன் குறிப்புச்சட்டமும் உட்தலைப்பும் இன்றி, தன் தெருவுக்குத் தண்ணீர் லாரி வரும் நாளைப் பற்றி எழுதியிருந்தான். குடங்களுக்குப் பதிலாகச் செங்கற்களை வரிசையில் வைத்து இடம் பிடிப்பதையும், மாடி வீட்டுக்காரர்கள் வரிசையில் நிற்பதே இல்லை என்பதையும், அவர்களுக்கு மட்டும் ஆழ்துளைக் கிணறு இருப்பதால் தெருவின் மற்றக் கிணறுகள் என்ன ஆயின என்பதையும் ஒன்றிலிருந்து ஒன்றாகக் கொண்டுபோயிருந்தான். எங்கள் பங்கீட்டின்படி முதல் கட்டுரைக்கு 7, இரண்டாவதற்கு 4. இருவர் தனித்தனியே திருத்தியும் அதே எண்கள் வந்தன. ஆசிரியர்கள் ஒத்துப்போவது வேறு, தீர்ப்பு சரியாக இருப்பது வேறு என்பதை நான் தெளிவாகக் கண்டது அங்கேதான்.

பங்கீட்டைத் திருத்தினால் போதுமே என்ற வாதம் நியாயமானது. நாங்களும் குறிப்புச்சட்டத்தின் மதிப்பெண்ணை எடுத்துவிட்டு, சொந்த அனுபவத்துக்கு ஒரு மதிப்பெண் வைத்தோம். அடுத்த தேர்வில் ஏறத்தாழ எல்லாக் கட்டுரைகளிலும் “ஒருமுறை நான் என் பாட்டி வீட்டுக்குச் சென்றபோது” என்று தொடங்கும் ஒரு பத்தி முளைத்தது; தலைப்பு எதுவானாலும் அதே பாட்டி வந்தார். பிள்ளைகளைக் குறை சொல்ல ஏதுமில்லை. எதற்கு மதிப்பெண் என்று எழுதிக் கொடுத்தால் அதைத் தருவது அறிவுள்ள செயல். தனித்தனியே எண்ணக்கூடிய எந்தக் கூறையும், பொருளோடு ஒட்டாமலே, கட்டுரைக்குள் கொண்டுவந்து வைக்கலாம் என்பதுதான் பட்டியலின் இயல்பு.

இங்கிலாந்திலும் இது நடந்திருக்கிறது. தொடக்கப் பள்ளியை முடிக்கும் 11 வயதுப் பிள்ளைகளின் எழுத்தை மதிப்பிட 2015-16 கல்வியாண்டுக்கெனத் தரப்பட்ட இடைக்காலச் சட்டகத்தின்படி, பட்டியலில் உள்ள ஒவ்வொரு கூறுக்கும் எழுத்தில் சான்று இருந்தால்தான் அந்தத் தரம் கிடைத்தது. நிறுத்தக்குறிகளும் குறிப்பிட்ட இலக்கண வடிவங்களும் அப்பட்டியலில் இருந்தன. அவற்றை வாக்கியங்களுக்குள் புகுத்தப் பிள்ளைகள் பழக்கப்படுகிறார்கள் என்ற குறை எழுந்தது. 2017-18 கல்வியாண்டில் சட்டகத்தைத் தளர்த்தி ஆசிரியரின் தீர்ப்புக்குக் கூடுதல் இடம் தந்தார்கள்.

ஒப்பீட்டு முறைக்கு அடிப்படை 1927இல் உளவியலாளர் லூயிஸ் தர்ஸ்டன் வகுத்த ஒப்பீட்டுத் தீர்ப்பு விதி. ஒரு பொருளுக்குத் தனியே ஓர் எண் இடுவதைவிட, இரண்டில் எது மேல் என்று சொல்வது மனிதருக்கு எளிது. அத்தகைய தீர்ப்புகள் பலவற்றைத் தொகுத்தால் ஓர் அளவுகோல் கிடைக்கும். இங்கிலாந்துப் பள்ளிகளில் இதற்கென்றே மென்பொருள் புழங்குகிறது. நாங்கள் காகிதத்திலேயே செய்கிறோம். பெயரை மறைத்து எண் இட்ட கட்டுரைகளைக் கலைத்து, இணை இணையாக மேசையில் வைத்து, எது சிறந்த எழுத்து என்ற ஒரே கேள்விக்கு விடையாக வென்ற எண்ணைக் குறிக்கிறோம். ஒவ்வொரு கட்டுரையும் நால்வர் கைக்கும், வெவ்வேறு இணைகளோடு, பலமுறை வந்துபோகிறது. 3, 5, 7 என நாங்கள் ஒருமனதாக மதிப்பெண் இட்ட சென்ற ஆண்டுக் கட்டுரைகள் சிலவற்றையும் உள்ளே கலந்துவிடுவதால், வெற்றிகளைக் கொண்டு அமையும் வரிசை தானாகவே மதிப்பெண்ணாக மாறுகிறது. செங்கல் வரிசைக் கட்டுரையை இப்படிக் கலந்து வைத்தபோது மனப்பாடக் கட்டுரை ஒன்றுகூட அதை வெல்லவில்லை.

மனப்பாடம் செய்வதற்குப் பட்டியல் இல்லாததால் மாணவர்களிடம் நாங்கள் காட்ட முடிவது கட்டுரைகளை மட்டுமே. இரண்டை வாசித்துக் காட்டி, ஏன் இது மேல் என்று வகுப்பிலேயே விவாதிக்கிறோம். “இதில் அடுத்து என்ன சொல்லப்போகிறான் என்று தெரிந்துகொள்ளத் தோன்றுகிறது” என்று ஒரு மாணவி சொன்னாள். எங்கள் பங்கீட்டில் அதற்குக் கட்டமே இருந்ததில்லை. எனினும் இது புதிய பழக்கம். ஆசிரியர்கள் நால்வரின் விருப்பம் என்ன என்று பிள்ளைகள் கண்டுகொண்டு, தண்ணீர் லாரியையே அடுத்த பாட்டியாக ஆக்கிவிடவும் கூடும். அப்படி ஆகாது என்று சொல்ல எனக்கு இன்னும் சில ஆண்டு அனுபவம் வேண்டும்.

இம்முறையில் என்னை உறுத்தும் குறை கையெழுத்து. அருகருகே வைக்கும்போது முத்து முத்தான எழுத்து கண்ணை இழுக்கிறது; நீளமான கட்டுரையும் அப்படியே. ஆகவே தீர்ப்பு இழுபறியாக இருக்கும் இணைகளை ஓர் ஆசிரியர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் தாளைப் பார்க்காமல் கேட்டுத் தேர்கிறோம். காதுக்கு எழுத்துப்பிழை தெரியாது என்பதால் ர-ற, ல-ள-ழ மயக்கங்களையும் ஒற்றுப் பிழைகளையும் சொல்வதை எழுதும் பயிற்சியில் தனியாகப் பார்த்துக்கொள்கிறோம். அந்தப் பயிற்சிக்கு மட்டும் பட்டியல் வைத்துத் திருத்துவதே சரி என்று கருதுகிறேன்.

ஒரே தமிழாசிரியர் உள்ள பள்ளியில் பல கண்கள் என்ற பயனே போய்விடும். அங்கே பக்கத்துப் பள்ளி ஆசிரியருடன் தாள்களை மாற்றிக்கொள்ள வழியிருந்தால் மட்டுமே இதைப் பரிந்துரைப்பேன். தொடக்க வகுப்புகளில் நான் கற்பித்ததில்லை. எழுத்தறிமுக நிலையில் உள்ள பிள்ளைகளுக்கு எதைச் சரியாக எழுதினார்கள் என்ற பட்டியலே உதவக்கூடும். பத்தாம் வகுப்பிலோ எங்கள் விருப்பத்துக்கு இடமில்லை. பொதுத்தேர்வு விடைத்தாளை விடைக்குறிப்பை வைத்தே திருத்துவார்கள் என்பதால், அரையாண்டு முடிந்ததும் அந்த மாணவர்களுக்கு முன்னுரை, உட்தலைப்பு, முடிவுரை என்ற பழைய பங்கீட்டையே சொல்லிக்கொடுக்கிறோம், அது எதற்காக என்பதையும் மறைக்காமல்.