ஐ.டி.ஐ. வாத்தியார்களுக்கான 3 நாள் பயிற்சி: போய்வந்தவன் சொல்கிறேன்

திருமங்கலம் பக்கம் ஒரு தனியார் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் பிரிவுக்கு வாத்தியாராக இருக்கிறேன். அதற்கு முன் 11 வருஷம் நூற்பாலையில் வேலை. மோட்டார் முனகுகிற சத்தத்தை வைத்தே கரண்ட் வரும் மூன்று பேஸில் ஒன்று போயிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அதை 20 பையன்களுக்குப் புரியவைப்பது வேறு தொழில். அந்தத் தொழிலை எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. ஐ.டி.ஐ. வாத்தியார்களுக்கென்றே சி.ஐ.டி.எஸ். என்ற பயிற்சிப் படிப்பு இருக்கிறது, ஆனால் அது ஒரு வருஷம். வீட்டை விட்டுவிட்டுக் கிண்டியில் போய்த் தங்க என்னால் முடியவில்லை.

அதனால்தான் மதுரையில் காளவாசல் பக்கம் ஒரு மையம் நடத்திய 3 நாள் பயிற்சிக்குப் போனேன். குறைகளும் சொல்லப்போகிறேன் என்பதால் மையத்தின் பெயரை எழுதவில்லை. கட்டணம் 2,400 ரூபாய், மதியச் சாப்பாடு சேர்த்து. பாதியை எங்கள் நிர்வாகம் கொடுத்தது.

முதல் நாள்தான் அந்த 2,400 ரூபாய்க்கும் மதிப்பு. பி.எட். படித்தவர்களுக்குத் தெரிந்த மைக்ரோ டீச்சிங்தான்: 6 நிமிஷம் பாடம், 6 நிமிஷம் மற்றவர்கள் கருத்து, 12 நிமிஷம் பாடத்தைத் திருத்தி அமைப்பது, மறுபடி 6 நிமிஷம் பாடம், மறுபடி 6 நிமிஷம் கருத்து. நான் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரை எடுத்தேன். மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள்களை (வைண்டிங்) முதலில் ஸ்டார் இணைப்பில் வைத்து அதிகக் கரண்ட் இழுக்காமல் கிளப்பி, வேகம் பிடித்தபின் டெல்டா இணைப்புக்கு மாற்றுகிற சாதனம் அது. செல்போனில் படம் பிடித்துப் போட்டுக் காட்டினார்கள். 6 நிமிஷத்தில் 9 தடவை “புரிஞ்சுதா?” என்று கேட்டிருக்கிறேன். ஒரு தடவைகூட பதிலுக்கு நிற்கவில்லை; கேட்ட மூச்சிலேயே அடுத்த வரிக்குப் போய்விட்டேன். பாதி நேரம் முகம் போர்டைப் பார்த்து. மனசு கனத்துப்போய் உட்கார்ந்தேன்.

பயிற்சி கொடுத்த மேடம் திட்டவில்லை. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் கண்டதைச் சொன்னார். கேள்வி கேட்டபின் வாத்தியார்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்களாம். அதை 3 விநாடியாக்கினால் பிள்ளைகளின் பதில் நீளமாகிறது, ‘தெரியாது’ என்பது குறைகிறது. “சார், புரிஞ்சுதான்னு கேக்காதீங்க. புரிஞ்சிருந்தா மட்டும் பதில் சொல்லக்கூடிய கேள்வியாக் கேளுங்க. கேட்டுட்டு மனசுக்குள்ள மூணு எண்ணுங்க” என்றார்.

திங்கட்கிழமை வகுப்பில் செய்துபார்த்தேன். “ஸ்டார்ல ஓடும்போது ஒரு வைண்டிங்குக்கு எத்தனை வோல்ட்டுடா?” ஒன்று, இரண்டு, மூன்று. அந்த மூன்று விநாடி எவ்வளவு நீளம் என்பது வகுப்பில் நின்றவர்களுக்குத்தான் தெரியும். கடைசியில் ஒரு பையன், “415 சார். லைன்ல அதுதானே வருது?” என்றான். கை தூக்கச் சொன்னால் 13 பேர் அவன் பக்கம். இத்தனை வருஷமாக என் வகுப்பில் பாதிப் பேர் இப்படி நினைத்துக்கொண்டே ஒயரிங் போட்டிருக்கிறார்கள், எனக்குத் தெரியாமலே! பக்கத்தில் இருப்பவனோடு 2 நிமிஷம் வாதாடச் சொன்னேன். பிறகு எல்லோரையும் ஒர்க்‌ஷாப்புக்குக் கூட்டிப்போய் வைண்டிங்கின் இரண்டு முனையிலும் மீட்டர் வைத்தோம். 238 காட்டியது. 415-ஐ ரூட் 3-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட அதுதான்; ஏன் அப்படி வகுக்கிறோம் என்று அப்புறம் அவர்களே கேட்டார்கள். ஸ்டார்ட் ஆகும்போது லைன் கரண்ட், நேராக டெல்டாவில் போட்டால் வருவதில் ஏன் மூன்றில் ஒரு பங்காகிறது என்பதும் அதே பீரியடில் முடிந்தது.

இரண்டாம் நாளில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. தூங்குகிற மாணவனைப் பற்றிய பேச்சு. என் வகுப்பில் ஒருவன் காலையில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டே இருப்பான். திட்டியிருக்கிறேன், வெளியே நிறுத்தியிருக்கிறேன். பயிற்சி முடிந்து வந்து தனியாகக் கேட்டேன். விடியுமுன் எழுந்து வீட்டாரோடு மல்லிகை பறித்துவிட்டு வருகிறான். இப்போது வாரத்தில் 2 நாள் தியரியை மதியத்துக்கு மாற்றி, காலையிலேயே பிராக்டிகல் வைக்கிறோம். கையில் ஸ்குரூ டிரைவர் இருக்கும்போது அவன் தூங்குவதில்லை. இதை நான் முன்பே கேட்டிருக்க வேண்டும்.

இனி குறைகள். மூன்றாம் நாள் முழுக்கச் செல்போன் வினாடி வினாவிலும் ஸ்மார்ட் போர்டிலும் போனது. எங்கள் ஐ.டி.ஐ.யில் வகுப்புக்குள் போன் கிடையாது. ஸ்மார்ட் போர்டும் கிடையாது. அதே வேலையைப் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளின் பின்பக்கம் அ, ஆ, இ, ஈ என்று எழுதிக் கொடுத்து நான் நடத்துகிறேன். குறிப்புகள் எல்லாம் ஆங்கிலத்தில். கிண்டியில் இருக்கும் நிமி நிறுவனம் எங்கள் டிரேடு புத்தகங்களைத் தமிழிலேயே போடுகிறது. மதுரையில் இருந்துகொண்டு 15 பக்கக் குறிப்பைத் தமிழில் கொடுக்க முடியாதா?

பெரிய குறை, மெஷின் இல்லாத ஏ.சி. ஹால். எங்கள் வேலையில் பாதி செய்துகாட்டுவது. ஒரு பேனலைச் சுற்றி 20 பேர் நின்றால் பின்னால் நிற்பவனுக்கு என் முதுகுதான் தெரியும். எங்கே நிற்பது, எத்தனை பேராகப் பிரிப்பது, கை வேலை செய்யும்போது வாய் எதைச் சொல்வது, எப்போது பேசாமல் இருப்பது, இதையெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள முடியாது. என்னோடு வந்திருந்த வெல்டிங் வாத்தியார் அண்ணன் மூன்று நாளும் ஒரு ராடைக்கூடத் தொடவில்லை. ஒரு நாளையாவது ஏதாவது ஒர்க்‌ஷாப்பில் வையுங்கள் என்று எழுதிக்கொடுத்துவிட்டு வந்தேன்.

சான்றிதழ் கொடுக்கிறார்கள்; அது சி.ஐ.டி.எஸ்.ஸுக்கு ஈடாகாது, அந்த நினைப்பில் போகவேண்டாம். வேலைக்கு இப்போதுதான் சேர்ந்தவர்கள் ஒரு வருஷமாவது பாடம் எடுத்துவிட்டுப் போனால் நல்லது. அப்போதுதான் அந்த வீடியோவில் என்ன பார்ப்பது என்று தெரியும். போகிறவர்கள் வகுப்பில் எப்போதும் இடிக்கிற பாடத்தையே எடுத்துக்கொண்டு போங்கள். உங்கள் 6 நிமிஷ வீடியோவை மறக்காமல் வாங்கி வையுங்கள், கேட்டால்தான் தருகிறார்கள்.