ஹெல்ப்பா, அசிஸ்டா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் டியூஷன் எடுக்கிறேன். போன வாரம் நான்காம் படிவப் பையன் ஒருவன் கட்டுரையில் இப்படி எழுதியிருந்தான்: "மை மதர் அசிஸ்ட்ஸ் மை ஃபாதர் இன் தி எஸ்டேட்." இலக்கணத்தில் குறையில்லை. "ஏன் ஹெல்ப்ஸ் போடல?" என்றேன். "அசிஸ்ட்தான் சார் பெரிய வார்த்தை, மார்க் கிடைக்கும்" என்றான்.

பாதி சரி. ஹெல்ப் ஆங்கிலத்தின் பழைய வீட்டுச் சொல். அசிஸ்ட் லத்தீனில் பிறந்து பிரெஞ்சு வழியாக வந்தது; மூலத்தில் அதற்குப் பொருள் 'பக்கத்தில் நிற்பது'. அந்த வாடை இன்னும் போகவில்லை. வேலை ஒருவருடையது, இன்னொருவர் அதில் கொஞ்சம் செய்துகொடுக்கிறார் என்கிற இடத்தில்தான் அசிஸ்ட் உட்காரும். ஹெல்ப்புக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. லோரியில் செம்பனைக் குலை ஏற்றக் கைகொடுத்தாலும் ஹெல்ப், முழு வேலையையும் நாமே முடித்துக் கொடுத்தாலும் ஹெல்ப், தைலம் தலைவலிக்குக் கேட்டாலும் ஹெல்ப்.

தோட்டத்து ஆட்களுக்கு இதை விளக்கச் சின்ன துரையே போதும். அவர் அசிஸ்டன்ட் மேனேஜர். தோட்டம் பெரிய துரையின், அதாவது மேனேஜரின், பொறுப்பு; இவர் பக்கத்தில் நிற்பவர். (வெயிலில் ஓடுவதெல்லாம் சின்ன துரைதான் என்பார் வேலையாட்களை மேய்க்கும் தண்டல். அது வேறு கதை.) அவரை ஹெல்ப்பர் என்று சொல்லிப் பாருங்கள், பதவியே இறங்கிவிடும்.

மலாயில் இது தலைகீழ். ஆற்றில் விழுந்தவன் 'தோலோங்!' என்றுதான் அலறுவான். அந்தத் தோலோங்கிலிருந்து வந்த பெனோலோங்தான் சின்ன துரையின் மலாய்ப் பதவிப் பெயரில் இருக்கிறது: பெனோலோங் பெங்குருஸ். உதவி என்றே பொருள்படும் 'பந்து' என்ற இன்னொரு சொல்லிலிருந்து வந்த பெம்பந்துவோ வீட்டு வேலைக்கு வருபவருக்கும் பெயர். விளையாட்டுப் பந்திலும் அசிஸ்ட் உண்டு, மறக்க வேண்டாம்: பாஸ் கொடுத்தவனுக்கு அசிஸ்ட், கோல் அடித்தவனுக்குக் கைதட்டல்.

அசிஸ்ட் எட்டிப் பார்க்கவே முடியாத இடங்களும் உண்டு. ஆபத்தில் 'அசிஸ்ட்!' என்று யாரும் கத்துவதில்லை. விருந்தில் 'ஹெல்ப் யுவர்செல்ஃப்' என்றால் நீங்களே எடுத்துப் போட்டுச் சாப்பிடுங்கள் என்று பொருள். 'ஐ குடன்ட் ஹெல்ப் லாஃபிங்' என்றால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மாணவர்கள் சறுக்குவது இன்னொரு இடத்தில். 'ஹெல்ப் மீ கேரி திஸ்' என்று வினைச்சொல்லை அப்படியே ஒட்டலாம். அசிஸ்ட்டை அப்படி ஒட்ட முடியாது. 'இன் கேரியிங்' அல்லது 'வித்' வேண்டும். விண்ணப்பம், அலுவலகக் கடிதம் என்றால் அசிஸ்ட் எழுதட்டும். மற்றபடி சந்தேகம் வந்தால் ஹெல்ப்தான் என் கட்சி.

சரி, அந்தப் பையனுக்கு வருகிறேன். அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறார், அம்மா பின்னாலேயே குனிந்து உதிரிப் பழம் பொறுக்குகிறார். "அம்மா ஒரு நாள் போகலைன்னா?" என்று கேட்டேன்.

"அப்பாவும் போகமாட்டாரு சார். தனியா முடியாது."

அசிஸ்ட்ஸை அடித்தான். ஹெல்ப்ஸ் எழுதினான், அதையும் அடித்தான். கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துவிட்டு, 'வொர்க்ஸ் வித்' என்று எழுதினான்.